அண்ணனின் நீலப் பம்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று சுகாதார நிலைய வேலையாக ஆறு வீடுகள். கடைசி வீடு மூன்றாம் மாடித் தையல்கார அக்காவுடையது. ஒரே அறை. ஒரு பக்கம் மிஷின், அதன் காலடியில் துணித் துணுக்குகள். இன்னொரு பக்கம் கட்டில். கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. அந்தக் கட்டிலில்தான் எட்டு வயது மகள் படுக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இந்த மாதம் மட்டும் மூன்று தடவை மூச்சு முட்டியிருக்கிறது.

மூச்சு முட்டாமலிருக்கத் தினமும் இழுக்க வேண்டிய பழுப்புப் பம்பு, அதாவது இன்ஹேலர், அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. கேட்டதற்கு, "அதப் பழக்கிட்டா விடவே முடியாதாமே. ரொம்ப முட்டினா ஆஸ்பத்திரியில போய் மருந்துப் புகை வச்சுக்கறோம்" என்றார் அக்கா. கண்ணாடி போட்டால் கண் பழகிவிட்டது என்று சொல்வீர்களா என்று கேட்டேன். பன்னிரண்டு வருடமாக இதே கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். அக்கா ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் சட்டைப் பையில் எப்போதும் போல நீலப் பம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முட்டும்போது மட்டும் அடிப்பது. முட்டாமலே பார்த்துக்கொள்ளும் பழுப்புப் பம்பு அவனிடம் கிடையவே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள், "டீ குடிக்கறியா, பாடம் எடுக்கறியா?" என்றான். டீ குடித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. மழை வந்தாலே நாங்கள் சின்ன வயதில் இருந்த வீடு நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்பா வேலை பார்த்த அச்சகத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள். மை வாசனையும் ஈரக் காகித வாசனையும்.

அண்ணனுக்கு இளைப்பு வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்து உட்காருவான். அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். அப்பா பழைய நோட்டு அட்டையால் விசிறுவார். நான் எதிரில் சம்மணம் போட்டு, நடக்காத கால்பந்து ஆட்டத்துக்கு வர்ணனை சொல்வேன். எப்போதும் அவன்தான் கோல் போடுவான். அவன் உதடு லேசாக விரிந்தால் அம்மா என்னைப் பார்த்து, இன்னும் சொல்லு என்று கண்ணைக் காட்டுவாள்.

அன்றைக்கெல்லாம் யாரும் யாரையும் திட்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் பேசாமலிருந்த வாரங்களில்கூட, அவனுக்கு இளைப்பு வந்துவிட்டால் பேசிக்கொள்வார்கள். "வெந்நீர் வை", "ஜன்னலைச் சாத்து" – அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நாலு பேரும் ஒரே இடத்தில் இருப்போம்.

அண்ணன் மூச்சுக்குத் தவித்த நாட்களை நினைத்து ஏங்குகிறேனே, நான் என்ன பிறவி?

அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாறு. புத்தகத்தைக் கீழே வைத்துப் பெயிண்ட் வாளியைத் தூக்கினான். படித்தது நான். அவனிடம் போய் நான் என்னத்தைச் சொல்ல?

பிப்ரவரி 10, செவ்வாய்

நிலையத்தில், பம்போடு பொருத்தி மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குழாய் தீர்ந்துவிட்டது. எப்போது வரும் என்று பெரிய சிஸ்டருக்கும் தெரியவில்லை. மறுபடியும் தண்ணீர் பாட்டிலில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

தையல்கார அக்கா குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பம்பு வகுப்பு. ஏழு அம்மாக்கள், ஒரு அப்பா. அந்த அப்பா தண்ணீர்க் குழாய் பற்றிய கூட்டம் என்று நினைத்து வந்தவர். எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்தவர், கடைசியில் நாலு பாட்டிலுக்கு அவர்தான் ஓட்டை போட்டுக் கொடுத்தார். கம்பியைச் சூடாக்கி, பாட்டிலின் அடியில் பம்பின் வாய் நுழையும் அளவுக்குத் துளை. இடைவெளி தெரிந்தால் டேப் சுற்ற வேண்டும். பம்பை அந்தப் பக்கம் அழுத்தி, மருந்தை இந்தப் பக்கம் பாட்டிலின் வாய் வழியாக மெதுவாக இழுக்க வேண்டும். கடையில் வாங்கும் ஸ்பேசர் செய்வதும் இதைத்தான்.

செய்து காட்டும்போது என் புத்தி எங்கோ இருந்தது. வாலு எழுந்து நின்று, "ஆன்ட்டி, பம்ப ஆட்டாம அடிக்கறீங்க" என்றாள். கூடமே சிரித்தது. தையல்கார அக்கா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். போகும்போது என்னிடம், ஒரே ஒரு மாதம் பழுப்பைப் போட்டுப் பார்க்கிறேன், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றார். சரி என்றேன். ஒரு மாதம் போதும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நான் எழுதிய மூன்று கடிதத்துக்குப் பிறகு குடியிருப்பு அலுவலகம் அசைந்திருக்கிறது. பூஞ்சைச் சுவர்களைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாம். வேலை யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தால் அண்ணனின் மேஸ்திரிக்கு. அண்ணனே போனில் சொன்னான், பெருமையாக.

சுவரை நனைக்காமல் சுரண்டாதே, அந்தத் தூள் உனக்கு ஆகாது, நீ அந்த வேலைக்கே போகாதே – இவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டும். "மாஸ்க் போட்டுக்கோண்ணா" என்று மட்டும் சொன்னேன். "சரிங்க டாக்டரம்மா" என்றான். இருவரும் சிரித்தோம்.

மார்ச் 2, திங்கள்

படுப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

சுரண்டும் வேலை முடியும்வரை வாலுவையும் அக்காவையும் எதிர்வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தேன். மூன்றரை மணிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, மேலிருந்து அக்கா என்னைக் கூப்பிடும் குரல். ஓடினேன். நடையில் அண்ணன் சுவரோடு சரிந்து கிடந்தான். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். உதட்டில் நிறம் இல்லை. நீலப் பம்பை எட்டுத் தடவை அடித்தானாம். சத்தம் வருது, மருந்து வரலை. என்னைக்கோ தீர்ந்துபோன பம்பு. காத்து மட்டும் வந்திருக்கு. அதைப் போய் நம்பிப் பையிலே வச்சுக்கிட்டு – ஐயோ, இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், டப்பாவுல எண்ணிக்கையைப் பாருங்கன்னு. இவன்கிட்ட ஒரு தடவை கேட்டேனா?

பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். நின்ற இடத்திலேயே நின்றேன்.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வாலுதான் வந்தாள், தன் நீலப் பம்பும் பாட்டிலுமாக. அவன் எதிரில் மண்டி போட்டாள். "மாமா, சாயாதீங்க. நேரா உக்காருங்க. நான் ஆட்டிட்டேன். நான் அழுத்துவேன், நீங்க மெதுவா இழுக்கணும். அவசரப்படாதீங்க, நிறைய இருக்கு." அக்கா அவன் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இடையில் அந்தப் பெண் பொறுத்திருந்தாள். நான் கற்றுக்கொடுத்தது போலவே. இல்லை, என்னைவிட நிதானமாக.

மூன்றாவதில்தான் எனக்கு உயிர் வந்தது. வண்டிக்கு ஆள் அனுப்பினேன். வாலுவைத் தூளில் நிற்காமல் உடனே உள்ளே போகச் சொல்லிவிட்டு, மிச்சத்தை நான் கொடுத்தேன். ஆறாவதில் அவன் கண் என்னை அடையாளம் கண்டது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டான். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். கை காட்டி நிறுத்தச் சொன்னேன். எனக்குத் தெரியும்.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வார்டில் அவனும் நானும் மட்டும். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார்.

ஏன் இத்தனை வருடம் பழுப்பைப் போடவில்லை என்று கேட்டேன். தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டான். பிறகு, "நீலத்த எடுத்தா அந்த அஞ்சு நிமிஷம்தான் நான் நோயாளி. தினமும் காலையில பல்லு தேய்ச்ச கையோட அதப் போட்டேன்னா, தினமும்ல நோயாளி" என்றான்.

அந்தப் பழைய நாட்களைப் பற்றிப் பேசினால் இலகுவாகும் என்று நினைத்து, திருப்பிப் போட்ட நாற்காலியை, வர்ணனையை, அம்மா கண்ணைக் காட்டியதையெல்லாம் சொன்னேன். நன்றாக இருந்ததல்லவா என்றும் கேட்டுவிட்டேன்.

"உனக்கு நல்லாதான் இருந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு தோணும். நீ நிறுத்திட்டா நானும் நின்னுடுவேனோன்னு பயம். அதான் சிரிச்சேன், நீ நிறுத்தாம சொல்லணும்னு."

முப்பத்தைந்து வருடமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த நாட்கள். அவனுக்கு அவை வேறு நாட்கள்.

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்: "நீ எனக்காகப் படிப்ப விட்டவன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டே இருந்துட்டேன். மரியாதைன்னு நெனச்சேன். மரியாதை இல்லண்ணா அது. பயம்."

அவன் போர்வைக்கு வெளியே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அண்ணி வரும்வரை விடவில்லை.

மார்ச் 5, வியாழன்

வாலுவுக்குப் புதுப் பம்பும் புதுப் பாட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழையதை மாமா திருப்பித் தர மாட்டாரா என்று கேட்டாள். அதை மாமா வைத்துக்கொள்ளட்டும் என்றேன். "அப்ப பாட்டிலக் கழுவிட்டுத் துடைக்காம காய வைக்கணும்னு சொல்லிடுங்க" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

நிலையத்தில் இளைப்புக்காரர்களுக்கான சிகிச்சை நாள். பெயர்ப் பட்டியலோடு வெளியே வந்து பார்த்தால், குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க அண்ணன். கையில் பதினான்காம் எண் டோக்கன். இரண்டு பக்கமும் அம்மாக்கள். என்னைத் தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

படிவத்தை நிரப்பும்போது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். என் பெயரையும் நம்பரையும் சொன்னான். "ஆனா அவங்க ரொம்பப் பேசுவாங்க, பரவாயில்லையா?" என்று பெரிய சிஸ்டரைக் கேட்டான். பழக்கம்தான் என்றார் சிஸ்டர்.

பழுப்புப் பம்பு. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன், ஒரு வரி விடாமல்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒரு மாதக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தையல்கார அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பாட்டில் வைப்பதற்கென்று மிச்சத் துணியில் பத்துப் பைகள் தைத்து, மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

மே 17, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். நான் காய் வாங்கிவிட்டுத் திரும்பும் நேரம், கீழேயே பார்த்துவிட்டேன். லிப்ட் ஓடவில்லை. நாலு மாடி. என் பையையும் அவனே பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறினான். ஏறும்போதே ஒரு வீட்டுக்காரர் கதை. ஹாலுக்கு ஐந்து தடவை நிறம் மாற்றச் சொல்லிவிட்டு, கடைசியில் முதலில் அடித்த நிறமே போதும் என்றாராம். அவரைப் போலவே கண்ணை இடுக்கி, அவரைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் அவர் மனைவி சொன்ன காரணத்தையும் சேர்த்து, என் வாசல்வரை சொல்லி முடித்தான்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அண்ணி கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் இன்னும் நாலு படி கீழே.

"என்ன ரெண்டு பேரும் இப்படி மூச்சு வாங்கறீங்க?" என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். மேலே ஏறி வந்து சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தேன்.