குவியலில் எறிந்த துணி

மாசி மாதம், செவ்வாய் இரவு

குளத்து ரோட்டோரம் காய்ந்து நின்ற புல்லை இன்று வெட்டி முடித்தோம். ரோட்டில் விழும் தீ குளத்து நாணலுக்குப் பரவக்கூடாது என்றுதான் இந்த வேலை. வெட்டியதை அங்கேயே குவித்தோம்.

கூட வேலை செய்யும் சரசக்கா, "ஏனுங்க, இன்னைக்கே அள்ளீரலாமுங்க. பனியன் கம்பெனி வேன்ல போறவங்க பீடிய எறிவாங்க" என்றார். நாளைக்கு டிராக்டர் வரும் என்று நான்தான் தடுத்தேன்.

சாப்பிடும்போது விரலில் பெட்ரோல் வாடை. புல் வெட்டும் மிஷினைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தது நினைவுக்கு வந்தது. பெட்ரோலும் ஆயிலும் ஊறிய அந்தத் துணியை வழக்கம்போலத் தூக்கி எறிந்தேன். எங்கே என்று இப்போதுதான் புரிகிறது. அந்தக் குவியலில்.

பத்து மணிக்குக் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வேன்கள் அந்த வழியாகத்தான் வரும். மணி ஒன்பதே முக்கால். நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.