வாசனை சேர்க்காத கோப்பை

அன்பு மாமாவுக்கு, குன்னூரிலிருந்து எழில்மதி எழுதுவது. நான் நலம். அத்தையின் மூட்டுவலி தேவலையா? உங்களிடம் விட்டுவந்த என் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? சங்கராபுரத்தில் மழை உண்டா? போனில் பேசினால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

தேயிலை ருசி பார்க்கும் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது வெள்ளைத் தேயிலையில் பீச் பழ வாசனை சேர்க்கிறோம். பார்த்தால் வெறும் வெந்நீர் மாதிரிதான் இருக்கும். விழுங்கியதும் தொண்டைக்குள் பழம் பழுக்கும். வேலை முடிந்த பிறகும் ஆசைக்கு ஒரு கோப்பை குடிப்பேன்.

திங்கட்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. வரிசையில் கடைசிக் கோப்பையில்தான் பழ வாசனை அருமை என்று சொன்னேன். தேநீர் ஊற்றும் அய்யனார் அண்ணன் உளுந்தூர்பேட்டைக்காரர். "இன்னாம்மா சொல்ற? அதுல வாசனையே சேர்க்கல. உன்னச் சோதிக்க வெச்சது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "உனுக்கு முன்னாடி இருந்த பொண்ணும் இப்படித்தான் சொல்லிக்கினு இருந்துச்சு" என்றார். அவள் இப்போது எங்கே என்று கேட்டேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

சளியாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய கருவாட்டை நேற்றுதான் பிரித்தேன். அறையில் கூட இருக்கும் அபிநயா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்குப் பீச் பழம்தான் மணத்தது.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைச் சீக்கிரம் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

எழில்மதி