நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்

ராத்தா,

காலையிலிருந்து கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் அலுமினியக் குழாய் கடகடவென்று ஆடுகிறது. ஒருகாலத்தில் எங்கள் ரீவி அன்டெனாவைத் தாங்கிய குழாய் அது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நாலு தரம் எழும்பி நடந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ரீவி வந்த புதிதில் துறைமுகப் பக்கத்து நம் ஒழுங்கையில் இரண்டே பெட்டிகள். பக்கத்து வீட்டில் உங்கள் மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்தது ஒன்று, என் அண்ணன் அனுப்பியது மற்றது. றேடியோவுக்கே வருஷம் தவறாமல் அரசாங்கத்துக்குக் காசு கட்டி லைசன்ஸ் எடுத்த நீங்கள், பெட்டியைப் போடும் முன்பே அதற்கும் லைசன்ஸ் எடுக்கத் தபாற்கந்தோருக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. தமிழ் நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நேரம், அதிலும் பாதி படம் தெரியாமல் வெறும் புள்ளி, இதற்கும் காசா என்று வாதாடினேன்.

"காசு குடுக்காம எந்த வாயால புள்ள தமிழ் காணாதெண்டு கேக்கப் போறாய்? பாக்கிற நாம குடுக்காட்டி வேற ஆராச்சும் குடுப்பான். பொறகு பெட்டி அவன்ட கதையத்தான் கதைக்கும்" என்றீர்கள்.

ஒருநாள் லைசன்ஸ் பார்க்கும் ஐயா ஒழுங்கைக்குள் வந்துவிட்டார். என் கணவருக்கு அரசாங்க உத்தியோகம். பிடிபட்டால் மானம் கப்பலேறும். அவசர அவசரமாக அன்டெனாவைச் சரித்து வாழைகளுக்குள் படுக்க வைத்தேன். வேலிக்கு அப்பால் அவர் உங்களிடம் கேட்டது காதில் விழுந்தது.

"பக்கத்து வீட்டில ரீவி இருக்கோ?"

நீங்கள் பொய் சொல்லாதவர். நான் வாழைகளுக்குள் குந்திவிட்டேன்.

"அவ என்ட வீட்டிலதான் பாக்கிற" என்றீர்கள்.

அவர் போனதும் நேரே என் குசினிக்கு வந்தீர்கள். "உனக்காக என்ட வாயால பொய் வந்திட்டு. அத நீதான் மெய்யாக்கணும். லைசன்ஸ் எடுக்குமட்டும் உன்ட பெட்டியத் திறக்கப்படாது. பின்னேரத்தில என்ட வீட்டுக்கு வந்துதான் பாக்கணும். ஓமா?"

"ஓம் ராத்தா."

ஒரு கிழமைக்கென்று வந்தவள் ஒன்றரை வருஷம் வந்தேன். உங்கள் பிரம்புக் கதிரை, இஞ்சி போட்ட பிளேன்ரீ, செய்தி வாசிப்பவரோடு நீங்கள் போடும் சண்டை. இடையிடையே "எடுத்திட்டியா?" என்பீர்கள். "அடுத்த மாசம்" என்பேன். "கஞ்சப்பிசினாறி!" என்று ஏசிவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றுவீர்கள்.

காசு என் அலுமாரியில்தான் இருந்தது, ராத்தா. லைசன்ஸ் எடுத்துவிட்டால் பின்னேரத்தில் உங்களிடம் வர எனக்கு வேறென்ன சாட்டு? இதைச் சொல்ல வெட்கப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருக்க, ஒரு விடியற்காலை நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள். என்னைக் கஞ்சப்பிசினாறி என்று நினைத்தபடியே போனீர்களோ என்பது இன்றும் மனதை அரிக்கிறது.

இப்போது லைசன்ஸ் என்று யாரும் வருவதில்லை. செய்திக்கு நடுவே விளம்பரம் போட்டுச் சவர்க்காரம் விற்கிறார்கள். யார் காசு குடுக்கிறான், யாருடைய கதை நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு நானும் பெட்டியோடு சண்டை பிடிக்கிறேன்.

நீங்கள் போன நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாளே தபாற்கந்தோருக்குப் போய் லைசன்ஸ் எடுத்தேன். அன்டெனாவை நிமிர்த்தினோம். பெட்டியை மூடியிருந்த துணியை எடுத்தேன். அன்று பின்னேரம் என் வீட்டிலேயே செய்தி தொடங்கியது. சத்தம் கேட்டதும் பழக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் படலை வரைக்கும் வந்துவிட்டேன், ராத்தா.