பழைய ரிவால்வரும் ஜெயம் அண்ணையும்

நவம்பர் 9, சனி

புதிய பிஸ்டல் அலுத்துவிட்டதால், இன்று துப்பாக்கிக் கிளப்புக்குப் பழைய ரிவால்வரைக் கொண்டுபோனேன். பழைய மொடல், நடுவில் தொப்பை, என்னைப்போலவே.

ஜெயம் அண்ணை பியர்பொன்ட்ஸ் புறநகரிலிருந்து வந்து காத்திருந்தார். முன்பு இதைக் கிழட்டுச் சாமான் என்று நக்கலடித்து, தன்னிடமிருந்த இதே மாதிரி ரிவால்வரை விற்றவர். இங்கே கைத்துப்பாக்கி விற்பனையைத் தடைசெய்துவிட்டதால், இனி ஒன்று வாங்கச் சட்டம் விடாது.

"ஒருக்காச் சுட்டுப் பாக்கத் தாவன், தம்பி."

கொடுத்தேன். ஆறு குண்டுகளும் இலக்கு அட்டைக்கு வெளியே போயின.

"பின்னால இருக்கிற மண்மேடு செத்துப்போச்சு, அண்ணை" என்றேன். நின்ற நம்மாட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் என் காதருகே குனிந்து, "கைநடுக்கம் தொடங்கிட்டுது. இனிச் சுட வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இதுதான் கடைசி" என்றார்.

சிரிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. அதை வீணாக்க மனமில்லாமல், அந்தக் கைநடுக்கத்தையும் நடித்துக் காட்டினேன்.