இரண்டு விடை, ஒரே இங்கிலீசு

2013 பெப்ரவரி 10
"காசில்லாமப் படிக்கலாம் எண்டா, ஏன் சேர் எல்லாரும் படிக்கல்ல?" போன மாதம் றாஹிலா கேட்டாள். கிணற்றை உதாரணம் காட்டினேன்: தண்ணீர் இலவசம்தான், கயிறு வேண்டுமே. "அப்ப கயிறு நீங்கதான்" என்று சிரித்தாள்.

சாய்ந்தமருது சுனாமி வீட்டுத்திட்டத்துப் பாலர் பாடசாலையில் ஆசிரியை அவள். கணவனைக் கடல் கொண்டுபோனது, ஒரு மகள். பாடசாலையை நடத்தும் வெளிநாட்டு நிறுவனம், யுத்தமும் முடிந்ததென்று, ஜூனோடு போகிறது. பொறுப்பெடுப்பவர்கள் சான்றிதழ் உள்ளவர்களைத்தான் வைத்திருப்பார்களாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சிறுபிள்ளைக் கல்வியை இணையத்தில் இலவசமாகப் படிப்பிக்கிறது. ஆனால் இங்கிலீசில். அவளோடு வேலை செய்யும் காரைதீவுச் சுஜித்தாவும் சேர்ந்திருக்கிறாள். இருவருக்கும் கணினியும் என்னுடையது, இங்கிலீசும் என்னுடையது.

பெப்ரவரி 24
வீடியோ நின்று நின்று ஓடுகிறது. நானும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்கிறேன். பேராசிரியர் உதாரணத்துக்குக் காட்டிய பனியைக் கடற்கரை மணலாக மாற்றினேன். சுஜித்தா விடவில்லை: "அவர் இவ்வளவு நேரம் கதைச்சார், நீங்க ரெண்டு சொல்லுல முடிச்சிட்டீங்க. மிச்சத்த ஆருக்கு வெச்சிருக்கீங்க சேர்?"
தேத்தண்ணியோடு வந்த என் மனைவி உம்மு: "பென்சன் எடுத்தும் இந்த மனிசன் பள்ளிக்கூடத்த விடல்ல."

மார்ச் 9
கரண்ட் இல்லை.

மார்ச் 30
இறுதிக் கட்டுரை: பயந்த பிள்ளை ஒன்றைப் பற்றி. வாளித் தண்ணீரைக் கண்டாலும் அழுத, முன்பு தன்னிடம் படித்த சிறுமியைப் பற்றி றாஹிலா எழுதினாள். பட்டாசு கேட்டால் மேசைக்குக் கீழே ஒளிந்த பையனைப் பற்றிச் சுஜித்தா. வாசித்துவிட்டுச் சற்று முற்றத்தில் நின்றேன்.
பிறகு இரண்டையும் இங்கிலீசாக்கினேன். பரீட்சைப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, நல்ல முன்னுரையும் முடிவுரையும் இரண்டுக்கும் நானே வைத்தேன்.

ஏப்ரல் 12
பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதாம். ஒரே கணினி, ஒரே வசனங்கள். இருவருக்கும் சான்றிதழ் இல்லை.
யா அல்லாஹ். ரெண்டு பேரும் ரெண்டு விதமாத்தானே எழுதினாங்க — நான்தானே ஒண்டாக்கின! எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு ஒண்டுதானே.

ஏப்ரல் 16
சொன்னேன். றாஹிலா கேட்டது ஒன்றுதான்: "நாங்க களவெடுத்தமா சேர்?"
சுஜித்தா சித்திரை வருசப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். யாரும் தொடவில்லை.

மே 5
எத்தனை விளக்கம் எழுதினாலும் வருவது அதே அச்சடித்த பதில். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் வகுப்பு. கதவடியில் நின்று, "சேர், ஒரு நிமிசம்" என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஜூன் 30
பாடசாலையைப் பொறுப்பெடுத்தவர்கள் இருவரையும் வைத்திருக்கவில்லை. றாஹிலா நாளை குவைத் போகிறாள். மகள் உம்மம்மாவிடம், றாஹிலாவின் தாயிடம்.
"அங்கயும் புள்ள பாக்கத்தான் சேர் போறன். அவங்க சேட்டிபிக்கட் கேக்கல்ல."
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உம்மு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதை எப்போதாவது யாராவது வாசித்தால்: இன்னொருவருக்காக வேறு மொழியில் எழுதும்போது, அனுப்புமுன் அதை அவருடைய மொழியில் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். "இது நீங்கள் சொன்னதுதானா?" என்று கேளுங்கள்.