காற்றைக் குறைக்கச் சொன்னது நான்

அண்ணாச்சி,

இன்று காலை மதுரையிலிருந்து வந்திறங்கிய டயர்களின் மேல் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்தபோது, என் விரல் தானாகவே ஒன்றின் பக்கவாட்டைத் தடவிச் சென்றது. விளிம்பை ஒட்டி வளையமாகப் புடைத்து ஓடும் அந்த ரப்பர் வரம்பில் போய் நின்றது. ஓரக்கல்லில் உரசும்போது தான் தேய்ந்து, வீலின் விளிம்பைக் காப்பதற்காக வைக்கப்பட்டது அது. பெரிய வீல் கொண்ட கார்களுக்கு வரும் டயர்கள் பலவற்றில் இப்போது அது இருக்கிறது. வாங்குகிறவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. புது ரப்பரின் வாடை கடையை நிறைத்திருந்தது. நானோ தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு முற்பகலில், உங்கள் முன் நின்றுகொண்டிருந்தேன்.

என் கணவர் இறந்தபின் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை டயர் கடையை நான் ஏற்று நடத்தத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றவள் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, டயர் நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலக் கையேடுகளை வரிவரியாகப் படித்துக் கற்றேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இன்றும் உண்டு என்பதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை.

திருநெல்வேலியில் கார் ஓட்டியவர்கள் பலர். பிரசவமான பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால், மக்கள் உங்களைத்தான் தேடினார்கள். நீங்கள் வேறு சவாரியில் இருந்தால், நீங்கள் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். "தையல் போட்ட வயிறும் பச்சப்பிள்ளயும் வண்டியில இருந்தா, ரோடு நமக்கு மாமியார் வீடு. பைய நடக்கணும்" என்பீர்கள்.

பழைய அம்பாசிடரை விற்றுவிட்டு, சென்னைக்காரர் ஒருவர் பயன்படுத்திய காரை வாங்கி வந்தீர்கள். அவர் அதற்குப் பதினைந்து அங்குல அலாய் வீல் மாட்டியிருந்தார். டயர்கள் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன.

"தங்கச்சி, ரெண்டே ரெண்டு வேணும் எனக்கு. தெருவுல ஒதுங்குதப்போ கல்லுல இடிச்சு இந்த வெள்ளி வளையம் சிதையக் கூடாது. உள்ள இருக்க பிள்ளக்காரி குலுங்கக் கூடாது."

நான் கையேட்டை விரித்தேன். பக்கவாட்டு வரம்பு கொண்ட டயர்கள் நான்கு என்னிடம் இருந்தன. அகலமானவை, உயரம் குறைந்தவை. நீங்கள் ஒன்றை நிமிர்த்தி வைத்து, தரைக்கும் வீலுக்கும் இடையே இருக்கும் ரப்பரை நான்கு விரலால் அளந்தீர்கள்.

"என்ன தங்கச்சி இது? தோசைய வீலச் சுத்தி ஒட்டுன மாதிரி இருக்கு. மெத்து எங்க இருக்கு இதுல? பேசாம சின்ன வீல மாட்டி, பழையபடி உசந்த டயரே போட்டுருவமா?"

அதுதான் சரியான விடை, அண்ணாச்சி. சிறிய வீல், உயர்ந்த பக்கச்சுவர், உள்ளே நிறையக் காற்று. முப்பது ஆண்டுகள் சாலையை உடம்பால் படித்தவர் சொன்ன விடை. அதை நான் சிரித்துத் தள்ளினேன். "அண்ணாச்சி, காலம் மாறிவிட்டது. இந்த வரம்பு எதற்காக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? விளிம்புக்கு இது காப்பு. ஆகவே தாங்கள் தாராளமாகக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். முப்பது பவுண்டுக்குப் பதிலாக இருபத்திரண்டு. மெத்தென்று இருக்கும்" என்றேன்.

"மேடையில பேசுத மாதிரியேதான் பேசுத. நீ படிச்சவ, சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்து, நான்கையும் மாட்டிக்கொண்டு போனீர்கள்.

மென்மை வேண்டுமென்றால் காற்றைக் குறைப்பது நம் ஊர் ஓட்டுநர்களின் பழைய வழக்கம். உயர்ந்த டயரில் அது ஓரளவு செல்லும். அந்த வழக்கத்தைத் தாழ்ந்த டயருக்குக் கொண்டுபோய்ப் பொருத்தியவள் நான். வரம்பு காப்பது பக்கத்தில் உரசும் கல்லிலிருந்து மட்டுமே. கீழிருந்து பள்ளம் தாக்கும்போது, போதிய காற்றும் இல்லாமல் உயரமும் இல்லாமல் ரப்பர் நசுங்க, வீல் நேராகத் தரையில் மோதும். கையேட்டின் அடுத்த பக்கத்தில் அது எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தை நான் படித்திருக்கவில்லை.

ஐப்பசி மழையில், பிரசவமான ஒரு பெண்ணையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்குப் போகும் வழியில் அது நடந்தது. முக்கூடல் தாண்டி ஒரு சிறு பாலத்தின் முகப்பில், தண்ணீர் நிறைந்து பள்ளம் தெரியாமல் கிடந்தது. முன்பக்க டயர் வெடித்தது. கார் சாய்ந்து வயலோரத்தில் இறங்கி நின்றது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்குத் தையல் பிரிந்து, மறுபடி ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் உங்கள் காரில், உங்கள் கையில், அது நடந்துவிட்டது.

மறுநாள் அந்த வீலை உருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தீர்கள். விளிம்பு உள்நோக்கி மடிந்திருந்தது. ரப்பரின் பக்கவாட்டில் அருகருகே இரண்டு வெட்டுகள், பாம்பு தீண்டியது போல. கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அத்தகைய வெட்டுக்கு முதற்காரணம் காற்றுக் குறைவு.

அப்போது கடையில் மூவர் நின்றிருந்தார்கள். அவர்களில் அந்த லாரி முதலாளியும் ஒருவர். "டயருக் கடையில பொம்பள, இனி சமையக்கட்டுல பஞ்சர் ஒட்டுவாவ" என்று என் காது படவே பேசி வந்தவர். அவர் உங்களைப் பார்த்துக் கேட்டார்:

"என்னவே, டயரு சரியில்லையா, டிரைவர் சரியில்லையா?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கடிந்து பார்க்கவில்லை, பேசுவதற்கு எனக்கு இடம் விட்டுப் பார்த்தீர்கள். அந்த இடைவெளி எவ்வளவு நீண்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு நான் வாய் திறந்தேன். "டயரில் உற்பத்திக் குறை எதுவும் இல்லை" என்றேன்.

அது உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் கொடியதும் அதுவே.

நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். "ஆமாவே, என் கண்ணுதான். பள்ளத்தப் பாக்கல. வயசாயிட்டுல்லா?" என்று சொல்லிவிட்டு, வீலை அங்கேயே சாய்த்து வைத்துப் போனீர்கள்.

நீங்கள் விளையாட்டாகச் சொன்ன 'வயசை' ஊர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் மங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் வேறு காரைக் கைகாட்டினார்கள். ஓராண்டுக்குள் வண்டியை விற்றீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில், வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் காட்டும் வேலைக்குப் போனீர்கள். அந்த வழியாகப் போவதை நான் தவிர்த்தேன். தவிர்க்க முடியாத ஒரு திருமண நாளில், நீங்களே என் வண்டிக்கு இடம் காட்டினீர்கள். "இங்கன போடு தங்கச்சி, நெழலு இருக்கு" என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மிக்க நன்றி" என்றேன்.

ஒரு பெண் ஒரு தவறை ஒப்புக்கொண்டால் கடையையே மூடச் செய்துவிடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் என் கடைக்கு உங்கள் பெயரை நான் முட்டுக்கொடுத்தேன். அதற்கு உங்களிடம் நான் அனுமதி கேட்கவே இல்லை.

நீங்கள் இறந்த செய்தி எனக்கு இருபது நாள் கழித்தே கிடைத்தது. மறுநாள் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். நம் காலத்தவர் ஒருவர் மட்டும் டீயோடு உட்கார்ந்திருந்தார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"யாரச் சொல்லுதீய? கண்ணு தெரியாம காரக் கொண்டுபோயி வயல்ல எறக்குனாவளே, அவுகளா?"

முப்பது ஆண்டு உழைப்பில், எத்தனையோ தாய்மாரை வீடு சேர்த்ததில், இந்த ஊர் எடுத்து வைத்துக்கொண்டது இந்த ஒரு வரியை.

"அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். காற்றைக் குறைக்கச் சொன்னது நான். தவறு என்னுடையது" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரிம்மா. அவுகளே போயாச்சு. இப்ப யாருக்குச் சொல்லுதீய?"

"உங்களுக்குத்தான். அடுத்த முறை அவரைப் பற்றிப் பேசும்போது சரியாகப் பேசுங்கள்."

ஒரு சவாரி வந்தது. அவர் எழுந்து போய்விட்டார். சரியாகப் பேசினாரா என்று தெரியாது. அதன்பின் உங்கள் பெயர் எங்கே அடிபட்டாலும் நான் குறுக்கிட்டுச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களில் பாதிப்பேர் உங்களை அறியாதவர்கள், மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். இப்போது சொல்வது எனக்கு எளிதாகிவிட்டது, அண்ணாச்சி. எளிதாகிவிட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மூன்று பேர் நின்ற அந்தக் கடையில், நீங்கள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்த வேளையில் மட்டும்தான் அதைச் சொல்வதற்கு ஒரு பொருள் இருந்தது.