சத்திரம் ஏலம் போன அன்று

மச்சான்,

நேற்று சந்தைக்குப் போகிற வழியில் யாரோ புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கிற வாசனை வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காளைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று வண்டிக்காரன் இறங்கிப் பார்த்தான். அவனிடம் என்னவென்று சொல்ல?

நம் ஊர்ச் சத்திரம் ஒழுகும்போதெல்லாம் இந்த வாசனையோடுதான் நீங்கள் திரிவீர்கள். திருச்செங்கோட்டுத் தேருக்கு நடந்து போகிறவர்கள் படுத்து எழுந்து போக, எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் கட்டி வைத்தது. தாலுகா போர்டின் பொறுப்பு என்று பெயர்தான். தளம் பூசியதெல்லாம் நீங்கள். "நம்மூடும்தான் ஒழுகுது, அதப் பாருங்க" என்று அக்கா சலித்துக்கொண்டால், "இங்க நாம நாலு பேரு அம்மிணி, அங்க எத்தன பேரு படுக்கறாங்க" என்பீர்கள். அக்காவுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

மோட்டார் பஸ் வந்த பிறகு சத்திரம் எதற்கு என்று போர்டு அதை ஏலத்துக்கு விட்டது. தண்டோரா போட்ட அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

"நானே ஏலத்துல எடுத்துப்போடறனுங்க மாப்ளே. மேட்டுக்காட்ட வித்தாப் போச்சு."

பெரிய புத்திசாலி நான், விட்டேனா? "வேண்டாமுங்க மச்சான். ஊர்ச் சொத்த நாமளே எதுக்கு வெல குடுத்து வாங்கோணும்? ஆரும் கேக்காம இருந்தா ஏலம் தானா நின்னுபோகும்" என்றேன். மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டி, யாரும் ஏலம் கேட்பதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். நீங்கள் கடைசியாகத்தான் வந்து அணைத்தீர்கள்.

ஏலத்தன்று ஊரே கைகட்டி நின்றது. சேலத்துப் பக்கமிருந்து வந்த கல் காண்டிராக்டர் ஒருவர் மட்டும் வாய் திறந்தார். போட்டிக்கு ஆள் இல்லை. அவர் கேட்ட விலைக்கே ஒரு தரம், இரண்டு தரம் என்று போர்டின் டவாலிச் சேவகன் கூவினான். வெளியூர்க்காரன் ஒருவன் வருவான் என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை. மூன்றாம் தரம் கூவி முடிந்தது. அந்த மாதமே தூண்களை இறக்கி வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவர்களிடமும், "ஊரே சேந்து எடுத்த முடிவுங்க" என்றுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்குப் பிறகு சத்திரம் இருந்த பாதையில் நீங்கள் நடக்கவில்லை. காட்டுக்குப் போக ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். போன வருஷம் உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனதுதான் அந்த வழியில் நீங்கள் மறுபடி வந்தது.

இந்த வருஷத் தேருக்கு நடந்து வந்தவர்கள் மழையில் புளியமரத்தடியில் நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "இங்கொரு சத்திரம் இருக்கும்னாங்களே, எங்கீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

மச்சான், உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டாம் தரம் முடிந்ததும் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். சத்தியம் செய்ய வைத்தவன் நான். நான் தலையசைத்தால் நீங்கள் ஏலம் கேட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் யோசனை தோற்றது என்று ஊர் பேசிவிடுமே என்று, உங்களைப் பார்க்காதவன் போலக் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.